முதல் பட்டனை அமுக்குங்க

ஐயா, அந்த ரைட்டரைக் கொஞ்சம் பொறுமையாக இருக்கச் சொல்லுங்கள். கம்ப்யூட்டர் ஹேங் ஆனதற்கு மவுஸைப் போட்டு இந்த அடி அடித்தால் அது எழுந்துவிடுமா? டீ ஆறுகிறது, குடிக்கட்டும். நான் எங்கேயும் ஓடிவிட மாட்டேன். நானாகத்தானே பஸ் ஏறி வந்திருக்கிறேன்.

என் பெயர் சங்கரலிங்கம். வீடு ஸ்ரீவில்லிபுத்தூர். வேலை இங்கே ராஜபாளையத்தில், நீங்கள் சீல் வைத்திருக்கிறீர்களே, அந்த நூல் மில்லில். ஆபீஸ் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவன். ரிப்பேர் பார்க்கிற பிட்டர் சமுத்திரம் மெஷினுக்குள் செத்துப்போன விஷயமாகத்தான் வந்தேன். உள் அறையில் அந்தப் பெண் ஹெப்சிபாவை உட்கார வைத்து விசாரிக்கிறீர்கள். அவள் புருஷன் ஜெபின் வாசலில் நிற்கிறான், முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. அவளை அனுப்பிவிடுங்கள். அவள் ஒன்றும் செய்யவில்லை. எப்படி என்று முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும்.

மில்லில் எந்த மெஷின் ஓடுகிறது, எது நிற்கிறது, எதற்குள் ஆள் இறங்கியிருக்கிறான் என்பதற்கெல்லாம் அக்ஸஸ் என்கிற கம்ப்யூட்டர் புரோகிராமில் ஒரு பைல் உண்டு. அதைச் செய்தவன் நான். மெஷினுக்கு ஒரு வரி. எவ்வளவு பஞ்சு போட்டது, கழிவு எவ்வளவு, ஓட்டலாமா கூடாதா எல்லாம் அந்த ஒரே வரியில் இருக்கும். ரிப்பேருக்கு ஆள் உள்ளே இறங்கினால் வரி சிவப்பாகும். அவன் வெளியே வந்தால் பச்சை. என் கம்ப்யூட்டரில் மட்டும் இருந்தவரைக்கும் அது தங்கமான பைல்.

பிறகு ஸ்டோரில் கேட்டார்கள், மெயின்டனன்ஸில் கேட்டார்கள், சூப்பர்வைசர் ரூமில் கேட்டார்கள். நெட்வொர்க்கில் பொதுவாக ஒரு போல்டரில் போட்டு எல்லோருக்கும் திறந்துவிட்டேன். ஒருவர் உண்கிற இலையில் ஏழெட்டுப் பேர் கை வைத்தால் என்ன ஆகும்? கிழிந்தது. வாரத்துக்கு ஒருமுறையாவது உடையும். என் போன் அடிக்கும். "அண்ணாச்சி, மறுபடியும் போச்சு, செத்த வாங்க" என்பார்கள்.

நான் போனிலேயே சொல்வேன், "பதறாதிய. மொதல்ல எல்லாரையும் வெளிய வரச் சொல்லுங்க." எல்லோரும் பைலை மூடிவிட்டு வந்தால்தான் அதைச் செப்பனிட முடியும், ஒருவர் திறந்து வைத்திருந்தாலும் நடக்காது. யாராவது மூடாமல் டீக்குப் போயிருப்பார்கள். மில் முழுக்க ஆள் விட்டுத் தேடுவார்கள். எல்லோரும் மூடியானதும் நான் ஒரு தட்டுத் தட்டுவேன், பைல் எழுந்துவிடும். "சங்கரலிங்கம் இல்லேன்னா மில்லே ஓடாதுய்யா" என்று முதலாளி ஒரு தடவை சொன்னார். எல்லோரும் இருக்கும்போது சொன்னார். அன்றைக்கு பஸ்ஸில் வீட்டுக்குப் போனபோது உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே போனேன். அவ்வளவு சந்தோஷம்.

இன்னொரு தொல்லை இருந்தது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒரே வரியில் எழுதினால், பின்னால் சேமிக்கிறவரின் திரையில் ஒரு பெட்டி எழும்பும். நீங்கள் எழுதிக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் இந்த வரியை மாற்றிவிட்டார், என்ன செய்யட்டும் என்று இங்கிலீஷில் கேட்கும். மூன்று பட்டன் இருக்கும். முதல் பட்டனை அமுக்கினால் உங்களுடையது நிற்கும், அவர் எழுதியது அழிந்துபோகும். இந்தச் சில்லறை விஷயத்துக்கெல்லாம் என்னைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். ஆளாளுக்கு உட்கார வைத்துப் பாடம் எடுக்க முடியுமா? "அதையெல்லாம் வாசிக்காதிய. முதல் பட்டனை அமுக்கிட்டு சோலியப் பாருங்க" என்றேன். அப்புறம் யாரும் அதை வாசிக்கவே இல்லை. பெட்டி வந்ததும் கை தானாக அங்கே போகும்.

ஆபத்தில்லையா என்று கேட்கிறீர்கள். இல்லை, நான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மேஜையில் அந்தத் திரை எப்போதும் திறந்தே இருக்கும். சிவப்பு வரி காரணமில்லாமல் பச்சையானால் அடுத்த நிமிஷமே போன் போடுவேன். "ஏலே சிவபாண்டி, அதுக்குள்ள ஆள் இருக்கு. தொட்டுறாத" என்பேன். சிவபாண்டி ஷிப்ட் சூப்பர்வைசர், சொன்னால் கேட்கிற பையன். இப்படிப் பல தடவை நடந்திருக்கிறது. என் காலத்தில் ஒருவருக்கும் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை, விசாரித்துப் பாருங்கள்.

பிட்டர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. மெஷினுக்குள் இறங்குமுன் சுவிட்சுக் கைப்பிடியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டுத்தான் இறங்குவார்கள். கட்டின கைதான் அதை அவிழ்க்க வேண்டும், முதலாளியே வந்தாலும் தொடக் கூடாது. பைல் வந்த பிறகு அதை நான் நிறுத்தச் சொன்னேன். திரை ஒன்று சொல்ல, துணி ஒன்று சொன்னால் எதை நம்புவது? எல்லோரும் விட்டுவிட்டார்கள், சமுத்திரத்தைத் தவிர. சேத்தூர்க்காரர், லேசில் எதையும் விடமாட்டார். "ஒங்க டிவிப்பொட்டி ஒங்களுக்கு, என் துணி எனக்கு அண்ணாச்சி" என்று சிரிப்பார். கண்ணில் பட்டால் நான் அவிழ்த்து எறிந்துவிடுவேன். ஆனால் உள்ளே ஆள் இருக்கிறது என்று உடனே சிவபாண்டியைக் கூப்பிட்டுச் சொல்லியும்விடுவேன்.

ஹெப்சிபா போன வருஷம் எங்கள் ஆபீஸுக்குக் கம்ப்யூட்டர் வேலைக்கு வந்தாள். மதுரையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவள், கலியாணமாகி இந்த ஊருக்கு வந்தவள். குறை சொல்லக் கூடாது, முதலில் என்னிடம்தான் வந்து சொன்னாள்.

"சார், எல்லாரும் ஒரே பைலத் திறக்கிறதாலதான் உடையுது. டேட்டாவத் தனியா ஒரே இடத்துல வச்சிட்டு, எழுதுற திரைய மட்டும் ஆளுக்கு ஒரு நகலு குடுத்துருவோம். ஒருத்தர் ஒரு வரியத் தொட்டா, அவங்க முடிக்கிற வரைக்கும் வேற யாரும் எழுத முடியாம பூட்டிருவோம். அந்தத் துணியையும் கட்டச் சொல்லலாம் சார். ரெண்டும் இருந்தா நல்லதுதானே."

ஓடுகிற வண்டிக்குக் கட்டை போடாதே என்றேன். அவள் முதலாளியிடம் போனாள். அவர் செய்யச் சொன்னார். செய்தாள். பைல் உடையவில்லை. அந்த வாரம் உடையவில்லை, அடுத்த வாரமும் உடையவில்லை, பிறகு உடையவே இல்லை.

ஐயா, ஒரு போன் அடிக்காமல் இருந்தால் மனிதன் என்ன ஆவான் என்று உங்களுக்குத் தெரியாது. உங்களுக்கு ஓயாமல் அடிக்கிறது. நான் அதை மேஜைமேல் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருப்பேன். கக்கூஸுக்குப் போனாலும் எடுத்துப் போவேன். ரிப்பேரோ என்று சந்தேகம் வந்து, வீட்டில் சண்முகத்தாயை, என் சம்சாரத்தை, அடுப்படியிலிருந்து கூப்பிடச் சொல்லிப் பார்த்தேன். நன்றாகத்தான் அடித்தது. பிறகு தினமும் மத்தியானம் ஆபீஸுக்கே கூப்பிடச் சொன்னேன்.

"கூப்புட்டு என்னத்தப் பேசணும்?" என்றாள்.

"நீ ஒண்ணும் பேசாண்டாம். சும்மா வச்சிரு."

எல்லோர் முன்னாலும் எடுத்து, "பதறாதிய, எல்லாரையும் வெளிய வரச் சொல்லுங்க" என்று சத்தமாகப் பேசுவேன். அந்தப் பக்கம் அவள் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்கும். ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "நீங்க யார்ட்டப் பேசுதிய? எனக்குப் பயமா இருக்கு" என்று அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. ஆனாலும் பேசி முடித்துவிட்டுத்தான் வைத்தேன். அந்த வாரத்தில்தான் முதலாளி என்னைக் கூப்பிட்டு, தீபாவளிக்குப் பிறகு வீட்டில் ஓய்வெடுக்கச் சொன்னார். அன்பாகத்தான் சொன்னார். ஓய்வெடுத்து நான் என்ன செய்ய? எந்தக் கதவைத் தட்ட? என்னை வேண்டும் என்று சொல்ல உலகத்தில் ஒரு ஆள் வேண்டாமா, ஐயா?

அதனால் அந்தப் பூட்டை எடுத்தேன். ஒளிந்து செய்யவில்லை, பட்டப்பகலில் என் நாற்காலியில் உட்கார்ந்து செய்தேன். ஹெப்சிபா மூலப்பிரதி என்று ஒன்று வைத்திருந்தாள். காலையில் ஒவ்வொரு கம்ப்யூட்டரும் அதிலிருந்துதான் நகல் எடுத்துக்கொள்ளும். அதில் ஒரே ஒரு இடத்தில், வரியைப் பூட்டு என்றிருந்ததைப் பூட்டாதே என்று மாற்றினேன். பழைய பெட்டி திரும்ப எழும்ப ஆரம்பித்தது. எல்லோர் கையும் பழக்கப்படி முதல் பட்டனுக்குப் போனது. அங்கே ஒரு எடை காணாமல் போகும், இங்கே ஒரு பெயர் மாறும். யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை. இரண்டு தடவை தப்பு வந்தால் முதலாளி என்னைக் கூப்பிடுவார் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

கூப்பிடவில்லை. அவளைத்தான் கூப்பிட்டார். அந்தப் பெண் சாப்பிடாமல்கூட உட்கார்ந்து தேடினாள். கடைசியில் என் மேஜைக்கே வந்தாள். "சார், எனக்குப் பிடிபடல. நீங்க ஒருக்கப் பாத்துக் குடுங்களேன்" என்றாள். கண் சிவந்திருந்தது. "அது ஒன் பைலும்மா, நான் தொடமாட்டேன்" என்றேன். அவள் கேட்டு என்ன ஆகப்போகிறது? கேட்க வேண்டியவர் கேட்க வேண்டும்.

அன்றைக்கு டீ குடித்துவிட்டு புளோரூம் வழியாக வந்தேன். பஞ்சை உதிர்த்துத் தூசி எடுக்கிற இடம். மெஷின் நின்றிருந்தது. சுவிட்சில் சமுத்திரத்தின் துணி கட்டியிருந்தது. பழக்கதோஷம், அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டேன். இதோ, அதுதான். பஞ்சு ஒட்டியிருக்கிறது, தட்டிவிடாதீர்கள், உங்களுக்குத் தேவைப்படும்.

வந்து திரையைப் பார்த்தேன். அந்த மெஷின் வரி சிவப்பாக, சரியாக இருந்தது. சமுத்திரம் இறங்குமுன், வரி பச்சையாக இருந்தபோதே, சிவபாண்டி அவன் ரூமில் அதே வரியில் கழிவு எடையை அடித்துப் பாதியில் விட்டுவிட்டு எங்கேயோ போயிருந்திருக்கிறான். வந்து சேமித்தான். பெட்டி எழும்பியிருக்கும். முதல் பட்டன். என் கண்ணுக்கு முன்னால் சிவப்பு பச்சையானது.

என்ன நடந்தது என்று புரியவில்லை என்று நான் சொல்லப்போவதில்லை. புரிந்தது. இனி அவன் ஓட்டலாம் என்று நினைத்துக்கொண்டு புளோரூமுக்கு நடந்து வர வேண்டும். வந்து, சுவிட்சில் துணி இருக்கிறதா என்று பார்ப்பான், இருக்காது. அதற்கெல்லாம் நேரம் ஆகும். போன் என் கையில்தான் இருந்தது. சிவபாண்டி பெயர் மேலேயே இருந்தது.

நான் கூப்பிடவில்லை.

மறுநாள் சமுத்திரத்தின் சம்சாரம் மாரீஸ்வரி மில் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணாச்சி, அவிய துணி கட்டாம உள்ள எறங்கவே மாட்டாவளே" என்றாள். "மறந்திருப்பாரு தாயி" என்றேன். துணி அப்போதும் என் பையில்தான் இருந்தது. அன்றைக்கே நான் இங்கே வந்திருக்க வேண்டும், வரவில்லை. இன்றைக்குக் காலையில் பேப்பர் பார்த்தேன். ஹெப்சிபா உருவாக்கிய பைலால் தொழிலாளி பலி என்று போட்டிருந்தது. உருவாக்கியவள் அவளா? அவள் அதை இரண்டாகப் பிளந்தாள், வேறென்ன செய்தாள்? அது என் பைல், ஐயா. நீங்கள் எழுதும்போது அதையாவது சரியாக எழுத வேண்டும்.

ஏன் கூப்பிடவில்லை என்றுதானே திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. நானாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தால் சமுத்திரம் வெளியே வந்திருப்பார், வந்து துணியைத் தேடியிருப்பார், சிரித்திருப்பார். பைல் கெட்டுக் கிடப்பது யாருக்கும் தெரியாமலே போயிருக்கும். நானும் தீபாவளிக்குப் பிறகு வீட்டுக்குப் போயிருப்பேன். இவ்வளவு காலம் நானே கூப்பிட்டுக் கூப்பிட்டுத்தானே அவர்களுக்கு என் அருமை தெரியவில்லை. ஒரு தடவை அவர்கள் கூப்பிடட்டும் என்று காத்திருந்தேன்.

புளோரூம் பக்கம் மெஷின் கிளம்புகிற சத்தம் கேட்டது. பிறகு நின்றது. ஆட்கள் ஓடுகிற சத்தம் கேட்டது. நான் நாற்காலியை விட்டு எழவில்லை, போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடித்தது, ஐயா. முதலாளியேதான்.

"சங்கரலிங்கம், ஓடியாங்கய்யா. புளோரூம்ல... கடவுளே..." என்றார்.

"பதறாதிய முதலாளி, நான் இருக்கேன்லா" என்றேன். "மொதல்ல எல்லாரையும் வெளிய வரச் சொல்லுங்க."

சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தேன். எவ்வளவோ நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் எனக்கு நன்றாகப் பசித்தது.