சேவ் அடித்ததும் கிளம்பிப்போன வரி

தூங்குவதுபோல் நடித்து ஒட்டுக்கேட்பதில் கெட்டிக்காரன் என்று என்னை நானே நம்பிய முட்டாள் நான். அருப்புக்கோட்டையில் ஏறிய விருதுநகர் பஸ்ஸில், என் பக்கத்தில் லேப்டாப்போடு ஒரு பெண்; அவளுக்கு அந்தப்பக்கம் அவளோடு வேலை பார்ப்பவன்.

“ஏலே, ஜவுளிக்கடை வெப்சைட்டுல ‘முதலாளி கஞ்சன்’னு போயிருச்சுடா.”

“எப்படி புள்ள?”

“கருப்புத் திரையத் தொறந்து கமாண்டு அடிக்கச் சோம்பல்பட்டு, வெப்சைட்டு எழுதுற எடிட்டருக்குள்ளயே ஒரு பிளக்-இன் போட்டேன். சேவ் பண்ணா அதுவே கமாண்ட ஓட்டி வெப்சைட்டுல ஏத்திரும். வெளாட்டுக்கு அந்த வரிய அடிச்சேன், கைப்பழக்கத்துல சேவும் பண்ணிட்டேன்.”

“அழிச்சுட்டு மறுபடி சேவ் பண்ணு. கடை முதலாளி பாத்தா நம்ம வேலை போச்சு.”

“பண்ணிட்டேன். இப்ப சிக்னல் போயிருச்சே.”

பாலவனத்தத்தில்தான் சிக்னல் வந்தது.

“அழிஞ்சிருச்சுடா. அவுக பாத்திருந்தா இப்ப மிஸ்டு கால் மெசேஜாவது வந்திருக்கும்.”

“அப்பாடா” என்றேன், கண்ணைத் திறக்காமலே.

“நீங்க தூங்குங்க சார்.”