வாயைத் திறக்காதே, அக்கா

ஹலோ… ஹலோ அக்கா? நான்தான், குட்டிதான் பேசுறேன். எங்க இருக்க?… என்ன?… வாயில என்ன வச்சிருக்க, ஒரு எழுத்தும் புரியலையே… ஊசியா? பல்லுக்கு மரத்துப்போற ஊசி போட்டாச்சா? ஐயையோ… சரி சரி, பல்லைப் புடுங்கிட்டாங்களா?… இன்னும் இல்லையா? அப்பாடா. உள்ள இருக்கியா, வெளியவா?… வெளிய பெஞ்சுலயா? நல்லது. அந்த பெஞ்சை விட்டு எழுந்திருக்காத. அசையாத!

சார், நீங்க ஓட்டுங்க சார். அசையாதன்னது உங்களை இல்ல.

இல்லக்கா, உன்கிட்ட இல்ல. என்கிட்ட கார் கத்துக்க வந்த சார் ஓட்டுறாரு… ஆமா, ஆமா, அதே சார்தான். பேங்க் மேனேஜரா இருந்து ரிட்டயர் ஆனவரு. ரெண்டாவது கியரைத் தாண்ட மாட்டாருன்னு சொன்னேனே, அவரேதான். அவரைத்தான் உன்கிட்ட வண்டியை விடச் சொல்லியிருக்கேன்… பேசாத, பேசாத. நீ பேசுறது கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கு. நான் கேக்குறேன். ஆமான்னா ஒரு ம்ம் சொல்லு. இல்லைன்னா ரெண்டு ம்ம். புரிஞ்சுதா?… அதான். அவ்வளவுதான்.

கேளு. காலையில அந்த ரத்த டாக்டரம்மாகிட்ட ரிசல்ட் வாங்கப் போனேன்ல? அக்கா, கர்ப்பப்பை சுத்தமா இருக்காம். கட்டி கிட்டி ஒண்ணும் இல்லையாம். எடுக்கவே வேணாமாம்!… ஆமாங்குறேன்! அந்த முதல் டாக்டர், 'எடுத்துப் போட்ருவோம்மா'ன்னாரே, பழைய பீரோவைத் தூக்கிப் போடுற மாதிரி… அதெல்லாம் வேணாம். கோளாறு பையில இல்ல. ரத்தத்துல.

சார், கிளச்! கிளச்சு சார்!… ஆஃப் ஆயிருச்சா? பரவாயில்ல. கர்ப்பப்பைன்னு காதுல விழுந்தா வண்டி நிக்கணும்னு சட்டம் ஒண்ணும் இல்ல சார். நியூட்ரல் பண்ணிட்டு ஸ்டார்ட் பண்ணுங்க. பின்னாடி ஹாரன் அடிக்கிறவரை விடுங்க, அவரு மட்டும் பொறக்கும்போதே ஸ்டியரிங்கோட பொறந்தாரா?

என்னக்கா?… சிரிக்காத. சிரிச்சா எச்சில் ஒழுகும், உனக்கே தெரியாது.

எங்க விட்டேன்? ஆங், ரத்தம். ரத்தம் உறையறதுக்கு உடம்புல ஒரு சத்து இருக்கணுமாம். அது எனக்குக் குறைச்சலாம். பொறந்ததுலேர்ந்தே. அதனாலதான் மாசா மாசம் குழாயைத் திறந்துவிட்ட மாதிரி… ஆமா… ஆமா, மாத்திரை இருக்காம். அந்த நாளுல போட்டா கட்டுப்படுமாம். ஆனா அது இல்ல விஷயம். இது பரம்பரையா வர்றதாம். 'உங்க கூடப் பொறந்தவங்க இருந்தா அவங்களையும் டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க. அதுவரைக்கும் ஆபரேஷன், பல்லு எடுக்கிறது எதுவும் சொல்லாம கொள்ளாம செஞ்சுக்க வேணாம்'னாங்க. பல்லுன்னு கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுருச்சு. எங்கக்கா இன்னைக்குத்தானே போறான்னு செருப்பைக்கூட ஒழுங்கா மாட்டாம ஓடி வந்தேன்.

இப்ப சொல்லு. உனக்கும் மாசா மாசம் அப்படித்தானே?… ரெண்டு ம்ம்மா? சரியா கேக்கல, இன்னொரு தடவை… மறுபடியும் ரெண்டா! யார்கிட்ட கதை விடுற? முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிற வேலையை அத்தான்கிட்ட வச்சுக்க. ஓட்டல் ரிசப்ஷன்ல எதுக்கு வேலைக்குச் சேர்ந்த? சம்பளத்துக்கா? கருப்பு யூனிபார்ம், அதுக்கு. நாற்காலியை விட்டு எழுந்திருக்கும்போது ஒரு தடவை சீட்டைத் திரும்பிப் பார்த்துட்டுத்தானே நகருற? எனக்குத் தெரியாதா? நான் மட்டும் என்ன, இந்தக் கார் சீட்டுக்கு மெரூன் கவர் ஸ்டைலுக்கா போட்டேன்?

சார், நெளியாதீங்க. நீங்க உக்காந்திருக்கிறது டிரைவர் சீட்டு. அதுல ஒண்ணும் இல்ல. ரோட்டைப் பாருங்க.

அக்கா, இன்னொண்ணு. உன் பல்லு எப்படி உடைஞ்சுது?… இதுக்கு ஒரு ம்ம்மும் ரெண்டு ம்ம்மும் பத்தாதுல்ல? நானே சொல்றேன். ஐஸ் கட்டி கடிச்சு. ஓட்டல் ஐஸ் மெஷின் பக்கத்துல நின்னு கடமுடன்னு கடிச்சுத் தின்ன, உடைஞ்சுது. ரத்தம் கொட்டிக் கொட்டி இரும்புச்சத்து இல்லாமப் போனா ஐஸ் மேல ஆசை வருமாம். நானும் ஃப்ரீசர்ல ஒட்டியிருக்கிறதைக் கரண்டியால சுரண்டித் தின்னேன்னு சொன்னேன், அந்தம்மா சிரிக்கவே இல்ல. எழுதிக்கிட்டாங்க.

புரியுதா? ரத்தம் போச்சு, அதனால ஐஸ் தின்ன, அதனால பல்லு போச்சு, இப்ப அந்தப் பல்லைப் புடுங்கப் போய் மறுபடி ரத்தம். போன தடவை அந்தப் பக்கத்துப் பல்லு எடுத்தப்போ என்ன ஆச்சு? தலகாணி, போர்வை எல்லாம் நாசம். அத்தான் பாதி ராத்திரியில உன்னைத் தூக்கிட்டு ஓடினாரா இல்லையா?… ம்ம். அதுக்கு ஒரே ம்ம்தான், சாட்சி இருக்குல்ல.

ஆகவே எழுந்திரு. போய் டாக்டர்கிட்ட சொல்லு… ஏன் ரெண்டு ம்ம்?… அக்கா, விளையாடாத. என்ன?… கொ… கொய்… கொழுந்தனா? ஆமா, உன் கொழுந்தன்தான் பல்லு டாக்டர். அதுக்கென்ன இப்ப?… வெக்கமா இருக்கா? அவர் முன்னாடி வாயை ஆன்னு பொளந்து சொத்தைப் பல்லு, உள்நாக்கு வரைக்கும் காட்டுற, அதுக்கு வெக்கம் இல்ல. எனக்கு பீரியட்ஸ் ஜாஸ்தி, கொஞ்சம் பாத்துப் பண்ணுங்கன்னு சொல்றதுக்கு வெக்கமா?… போன தடவை 'ரத்தம் நிக்காத பிரச்சினை ஏதாவது இருக்கா அண்ணி'ன்னு கேட்டாருல்ல? கேட்டாரா இல்லையா?… ம்ம். நீ என்ன சொன்ன?… தலையை ஆட்டின. இப்படியும் இல்லாம அப்படியும் இல்லாம.

நேரா போங்க சார். சிக்னல்ல இடது பக்கம். இண்டிகேட்டர்… அது வைப்பர் சார். மழை இல்ல.

அழுறியா? அக்கா… எதுக்கு அழுற? ஊசி வலிக்குதா?… பின்ன?… தெரியும்க்கா. எனக்குப் புரியுது. நம்ம வீட்டுல யாரு இதை வாய்விட்டுப் பேசினாங்க? அம்மா என்ன சொல்லுவாங்க? 'நம்ம வீட்டுப் பொம்பளைங்களுக்கு ரத்தம் தாராளம்டி'ம்பாங்க. தாராளம்! கூப்பிட்டுக் கூப்பிட்டு தர்மம் பண்ணின மாதிரி. நாமளும் அப்படித்தான் போலன்னு ரெண்டு நாப்கினைச் சேர்த்து வச்சுக்கிட்டு வேலைக்கு ஓடினோம். அந்த நாளுல எழுந்திருக்க முடியாம படுத்ததுக்கு நம்ம அத்தை அம்மாவுக்குப் பேரு வச்சாங்களே, படுக்கை ராணின்னு… ஆமா. படியேறி வந்தா மூச்சு வாங்குமே அம்மாவுக்கு, அதையும் சோம்பேறித்தனம்னாங்க. காலையில அந்த டாக்டரம்மா விளக்கிச் சொன்னப்ப எனக்கு முதல்ல அம்மா மூஞ்சிதான் ஞாபகத்துக்கு வந்துச்சு. வயிறு எரிஞ்சுதுக்கா. ஒடம்புல ரத்தமே இல்லாம மூணு வேளை சமைச்சுப் போட்டிருக்காங்க, ராணிப் பட்டம் வேற.

என்ன சார்?… சொல்லுங்க சார், நீங்க ஏதோ சொல்ல வந்தீங்க… இரு அக்கா, ஒரு நிமிஷம்… உங்க பொண்ணா?… ஓ… ஆமா சார். தலை சுத்தி விழுவாங்களா?… மூக்குல ரத்தம் வருமா? கண்டிப்பா காட்டுங்க சார். அந்த டாக்டரம்மா நம்பர் தர்றேன். இல்ல சார், இதுல தப்பா நினைக்க என்ன இருக்கு? நீங்க கேட்டதே பெரிசு.

அக்கா, சார் பொண்ணுக்கும் இதே மாதிரியாம். பாவம், அவரு அப்பவே கேக்கணும்னு நெனச்சிருப்பாரு போல, அதான் வண்டி நின்னு நின்னு… ஏய்! அக்கா! சார் மூணாவது கியர் போட்டுட்டாரு! நான் சொல்லவே இல்ல, அவரே போட்டாரு! சபாஷ் சார்!

வந்துர்றோம்க்கா. பாலம் தாண்டியாச்சு. அதுவரைக்கும் நீ… யாரு அது பின்னாடி? உன்னைக் கூப்பிடுறாங்களா? 'வாங்க அண்ணி'ன்னா? அக்கா, போகாத. வயித்து வலின்னு சொல்லு. அது வேணாம், அதுக்கும் மாத்திரை குடுப்பாரு. பாத்ரூம் போகணும்னு சொல்லு… அக்கா, எழுந்துட்டியா? நடக்குற சத்தம் கேக்குது. அக்கா! வாயைத் திறக்காத! பல்லைக் கடிச்சுக்க! நான் வர்ற வரைக்கும் வாயைத் தெறக்கவே தெறக்காத!… ஹலோ?… அக்கா?… கடவுளே. சார், வேகமா… இல்ல, வேகமா வேணாம், நிதானமா வேகமா…

ஹலோ? யாரு?… தம்பியா? டாக்டர் தம்பி! அக்கா போனை உங்ககிட்ட குடுத்துச்சா? அதுவாவா குடுத்துச்சு?… நல்ல காரியம் பண்ணிச்சு. தம்பி, கையில கொறடு கிறடு இருந்தா கீழ வச்சிருங்க. முதல்ல கீழ வைங்க… வச்சாச்சா? நான் அவங்க தங்கச்சி. எனக்கு ரத்தம் உறையறதுல குறைன்னு காலையிலதான் தெரிஞ்சுது. பரம்பரையாம். அக்காவுக்கும் மாசா மாசம் ரொம்ப ஜாஸ்தி தம்பி, சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு… ஆமா… ஆமா… ஆமா, டெஸ்ட் பண்ணாம பல்லைத் தொட வேணாம்னு ரத்த டாக்டரம்மா சொன்னாங்க… ஊசி போட்ட இடத்தைப் பாத்துக்குறீங்களா? சரி… வலி மாத்திரையும் எதைப் போடலாம்னு அவங்ககிட்ட கேட்டுட்டுத்தான் குடுக்கணுமாம்… அவங்க மருந்து குடுத்துத் தயார் பண்ணினப்புறம் தாராளமா புடுங்கலாமாம்.

என்ன தம்பி சிரிக்கிறீங்க?… ஓ… ஓஹோ! அட ஆமா! போன தடவை பல்லு எடுத்து ரத்தம் நிக்கலைன்னு உங்களைத்தானே வீடே கூடி கசாப்பு டாக்டர்னு சொல்லிச்சு! இன்னும் உங்கம்மா அப்படித்தான் கூப்பிடுறாங்களா?… ஐயோ பாவம்… ஆமா தம்பி, உங்க கை மேல தப்பே இல்ல. உங்க கை தங்கமான கை… எல்லாருக்கும் சொல்றேன்… உங்க அண்ணன்கிட்டயும் சொல்றேன்… உங்கம்மாகிட்ட நான் சொல்லணுமா? நேர்லயா? சரி, வர்றேன். இப்ப போனை அக்காகிட்ட குடுங்க, உங்க விடுதலை விழாவை அப்புறம் வச்சுக்கலாம்.

அக்கா… இருக்கியா?… பாத்தியா, நீயே குடுத்துட்ட. உலகம் ஒண்ணும் இடிஞ்சு விழலையே. உன் கொழுந்தன் சந்தோஷத்துல குதிக்கிறாரு, அது வேற கதை.

அக்கா. கடைசியா ஒரு தடவை கேக்குறேன். உனக்கும் அப்படித்தானே?…

ம்ம்.

ஒண்ணுதான். நல்லாக் கேட்டுச்சு. இதை எத்தனை வருஷமா உள்ளயே வச்சுக்கிட்டிருந்த… சரி, அழு. அழுது முடிச்சிரு. மூஞ்சி மரத்திருக்கு, கண்ணீர் எங்க போகுதுன்னு தெரியாது, துடைச்சுக்க.

என்ன?… அ… அம்மாவா?… ஆமாக்கா. அம்மாவையும்தான். மூணு பேரும் சேர்ந்தே போவோம். ராணியம்மாவை முன்னாடி சீட்டுல உக்கார வச்சு நானே ஓட்டிக்கிட்டுப் போறேன்.

இடது பக்கம் சார், அந்தப் பல்லுப் படம் போட்ட போர்டு. ஆங், அதேதான்… அக்கா, வாசல்ல கருப்பு யூனிபார்ம்ல நிக்கிறது நீதானே? கையெல்லாம் ஆட்ட வேணாம், பாத்துட்டேன்… சார், இனி பிரேக்கு. மெதுவா… அது பிரேக் இல்ல சார்… அக்கா, கொஞ்சம் தள்ளி நில்லு. உள்ள போயிடு. கொழுந்தனையும் உள்ள இழுத்துக்க. மூணாவது கியர்லயே வர்றோம்…