சம்பந்தியம்மாவும் கண் ஏந்திய புனிதையும்

விழாத் தலைமையை வியர்க்க வியர்க்கத் தாங்கி நிற்கும் ஐயா சரவணமுத்து அவர்களே! ஆசி தர வந்த ஆன்றோர்களே! பிரியாணி எப்போது வரும் என்று அடுக்களை வாசலையே பார்த்திருக்கும் அன்னையர்களே! ஸ்கூடாய்ச் சாலை நெரிசலில் சிக்கியும் சிரித்த முகத்தோடு வந்து சேர்ந்த செந்தமிழ்ச் சொந்தங்களே! மணமகள் உமாதேவியின் தாய்மாமன் காசிவிஸ்வநாதன் உங்களை வணங்குகிறேன்.

என்ன தம்பி, "சீக்கிரம் முடிங்க மாமா" என்கிறதா பின்வரிசை? இப்போதுதானே மூச்சே விட்டேன்!

இந்தத் திருமணம் எளிதாகவா கூடியது? எங்கள் வீடு செட்டிநாட்டுச் சைவம். மாப்பிள்ளை வசந்தன் வீடு யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கம். அவர் தாயார் அன்னபாக்கியம் அம்மையார் ஒரே போடாகப் போட்டார்: "எங்கட புனிதர்களை ஆரெண்டு அறியாத வீட்டில பெண் எடுக்கேலாது. கூலாயில இருக்கிற எங்கட சேர்ச்சுக்கு வந்து, சிலையளைப் பார்த்து ஆரெண்டு சொல்லுங்கோ பாப்பம்!"

பெண்ணைப் பெற்ற என் தங்கை நாச்சாளோடு போனேன். "கையில என்ன வச்சிருக்காங்கன்னு பாருங்க, ஆளு யாருன்னு தெரிஞ்சிரும்" என்று வழியெல்லாம் பாடம் நடத்தினார் மாப்பிள்ளை.

முதல் சிலையின் கையில் சாவி. "வீட்டுப் பொறுப்பு முழுக்க இவருகிட்டதான்" என்றாள் நாச்சாள். விண்ணகத்தின் சாவி வைத்திருக்கும் பேதுரு அவர். பாதி சரி! அடுத்தவர் கையில் இரும்புக் கம்பி அடுப்பு. "இவரு குச்சியில இறைச்சி குத்திச் சாத்தே வாட்டுறவரு லா!" என்றாள். சிரிக்காதீர்கள் அன்பர்களே! அந்த அடுப்பில் அவரையே அல்லவா வாட்டினார்கள்? அவர் விசுவாசத்துக்காக உயிரைக் கொடுத்த லாரன்ஸ் என்னும் வேதசாட்சி! அம்மையார் முகம் கறுத்தது. என் மருமகளின் கல்யாணம் கருகியது என்றே நினைத்தேன்.

மூன்றாவதாக ஓர் இளநங்கை, தட்டில் இரண்டு கண்களை ஏந்தி நின்றாள். நாச்சாள் முகம் மலர்ந்தது. மாரியம்மனுக்குச் சாத்த வாங்கிய வெள்ளிக் கண்மலரைக் கைப்பையிலிருந்து எடுத்தாள். "அண்ணே, இந்தப் பொண்ணும் வேண்டுதலுக்குத்தான் வந்திருக்கு. வரிசை எங்க?"

அலமாக், ஐயையோ! புனிதையையே பக்தையாக்கி வரிசையில் நிறுத்திவிட்டாளே!

அம்மையார் சிரிக்கவில்லை. "அது புனித லூசியா. கண்ணுக்குக் காவல். உங்கட கையில இருக்கிற கண் ஆருக்கு?"

"உங்களுக்குத்தான் சம்பந்தியம்மா. அடுத்த வாரம் கண் ஆபரேஷன், பயந்து போயிருக்கீங்கன்னு மாப்பிள்ளை சொன்னாரு."

எந்தப் பரீட்சையில் உண்டு இப்படி ஒரு விடை? எந்தச் சாமி தள்ளும் இப்படி ஓர் அன்பை?

அம்மையார் வெள்ளிக் கண்களில் ஒன்றை லூசியாவின் காலடியில் வைத்தார். மற்றதை நாச்சாளிடமே நீட்டினார். "இதை உங்கட அம்மனிட்ட வையுங்கோ. எனக்கு ரெண்டு கண்ணிலயும் ஆபரேஷன். ஆளுக்கொண்டு பார்க்கட்டும். கலியாணத்தை எப்ப வைப்பம்?"

இரு கண்ணும் தெளிந்து, இதோ முன்வரிசையிலிருந்து என்னை உட்காரச் சொல்லிக் கை காட்டும் சம்பந்தியம்மாவுக்கு முதல் நன்றி! பொறுமை காத்த உங்களுக்குப் பெரும் நன்றி! மணமக்கள் வாழ்க! வணக்கம்!