ஒற்றைக் குதிரைப் பந்தயம்

அதிகாலை நாலேகால். லாயத்திலிருந்து பந்தய மைதானத்துக்குப் போகும் மண்பாதை. ஒரு பக்கம் மதில், மறுபக்கம் முள்வேலி... விளக்கு கிடையாது.

கதவைச் சாத்திவிட்டு நெருங்கி உட்காருங்கள். இது என் நண்பனின் சித்தப்பாவுக்கு நடந்தது. அவர் ஜாக்கி. பந்தயக் குதிரை ஓட்டுகிறவர்.

பயிற்சியில் எந்தக் குதிரையையும் தனியாக விரட்டக் கூடாது. ஜோடியாகத்தான் விட வேண்டும். அந்த மைதானத்தில் ஆதியில் ஓடியது இரண்டே குதிரைகள். இரண்டு பணக்காரர்கள், ஒரு சவால். தோற்றவன் குதிரையையும் கொடுத்துவிட்டு நடந்து போக வேண்டும். கூட்டமும் சீட்டும், பந்தயப் பணம் வாங்கும் புக்கிகளும் பிறகு வந்தவை. ஜோடிப் பழக்கம் மட்டும் தங்கிவிட்டது. லாயத்தில் சொல்வார்கள்: "ஜோடி இல்லாம விரட்டாதே... அது தானா வந்து சேரும்."

அன்று ஜோடிக்கு வர வேண்டியவன் தூங்கிவிட்டான். சித்தப்பா பத்து நிமிடம் பார்த்தார். பொறுமை அவருக்குக் கிடையாது. மைதானத்தில் இறங்கித் தனியாகவே விரட்டினார்.

முதல் வளைவில் கேட்டது. தன் குதிரையின் குளம்படி... அதற்கு நடுவே இன்னொரு குளம்படி. இடது பக்கம், உள்வேலியை ஒட்டி. நனைந்த பழைய தோலின் வாடை. திரும்பிப் பார்த்தார். வேலிதான் இருந்தது. கடிவாளத்தை இழுத்து நிறுத்தினார். அந்தச் சத்தம் நிற்கவில்லை. அவரைத் தாண்டிப் போயிற்று.

வேலிக்கு வெளியே ஒருவன் நின்றிருந்தான். காலைப் பயிற்சியின் நேரத்தைக் கணக்கிட்டு, பந்தயம் கட்டுகிறவர்களுக்கு விற்கிறவன். இருட்டில் காதை வைத்தே கணக்கிடுவான்.

"ரெண்டு பேரும் பறந்தீங்கண்ணே! முன்னாடி போனாரே, அவரு யாரு?"

சித்தப்பா குதிரையை லாயத்துக்குத் திருப்பினார்.

அதன் பிறகு மூன்று வருடம். நாற்பத்தோரு முறை இரண்டாவது. முதலாவது ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு முறையும் கடைசி நூறு மீட்டர் வரை அவர்தான் முன்னால். அப்புறம் இடது பக்கம் அந்தக் குளம்படி... குதிரை காதை மடக்கும். தயங்கும். அந்த நொடியில் வேறு குதிரை ஒன்று தாண்டிவிடும். கழுத்தளவு வித்தியாசம். தலையளவு. ஒரு முறை மூக்கு நுனியளவு. குதிரையை மாற்றினார். சாட்டையை மாற்றினார். முதலாளியையே மாற்றினார். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

'ரெண்டு' என்றே அவருக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். முதலாவதாக வந்தால் மட்டும் பணம் தருவது வின். இரண்டாவதாக வந்தாலும் தருவது பிளேஸ். சீட்டு ஜன்னலில் ஒரு பேச்சு உண்டு: "ரெண்டு மேல வின்னுக்குக் கட்டினவனுக்குத் தலையில துண்டு. பிளேசுக்குக் கட்டினவனுக்குத் தலைக்கு மேல கூரை."

வீட்டில் சித்தி சொன்னார்: "நம்ம சுவர்க் கடிகாரம்கூட உங்களைவிட முன்னாடி ஓடுதுங்க."

சிரிக்காதீர்கள். அன்று அவர் சாப்பிடவில்லை.

வயது நாற்பத்தாறு. அந்தப் பந்தயப் பருவத்தோடு லைசென்ஸ் முடிகிறது. ஒரே ஒரு முறை முதலாவதாக வந்துவிட்டு இறங்க வேண்டும்... அவ்வளவுதான் அவர் கேட்டது.

கடைசி நாள். காலையிலிருந்து தூறல். ஐந்து குதிரைகள் ஓட வேண்டிய பந்தயம். நான்குக்கு இருமல் நோய். நான்கையும் விலக்கிவிட்டார்கள். மிச்சம் அவருடையது மட்டும். கட்டிய பணம் திரும்பிப் போயிற்று. ஆனாலும் விதி உண்டு. ஒற்றைக் குதிரையானாலும் எடை போட்டு, சேணம் கட்டி, முடிவுக் கம்பத்தைத் தாண்ட வேண்டும். தாண்டினால் வெற்றி.

"நடந்து போனாலே போதும்யா," என்றார் பயிற்சியாளர். "தூங்கிக்கிட்டே போ. இதுல தோக்கணும்னா அதுக்குத் தனித் திறமை வேணும்."

மூன்று வருடத்தில் முதல் முறையாகச் சித்தி மைதானத்துக்கு வந்திருந்தார்.

அவர் நடத்திக்கொண்டுதான் போனார். கடைசி வளைவு வரை. அப்புறம்... சட்டென்று குனிந்தார். சாட்டை எழுந்தது. அடித்தார். அடித்தார். இடது பக்கம் பார்த்துக் கெட்ட வார்த்தையில் திட்டினார். காலி மைதானத்தில் ஒற்றைக் குதிரை தலைதெறிக்க ஓடியது. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. கம்பத்தைத் தாண்டியதும் கைதட்டியது. ஒலிபெருக்கி அவர் எண்ணை முதலாவதாக அறிவித்தது.

திரும்பி வந்தார். இறங்கினார். சாட்டையைத் தரையில் வீசினார்.

"மறுபடியும் ரெண்டு."

"என்னங்க பேசுறீங்க? ஓடினதே நீங்க ஒருத்தர்தானே!" சித்தி சிரித்துக்கொண்டே கிட்டே போனார். பாதியில் நின்றுவிட்டார்.

ஓடும் குதிரை சேற்றைப் பின்னால்தான் எறியும். முன்னால் ஓடுகிறவன் போனபடியே சுத்தமாகத் திரும்புவான். பின்னால் வருகிறவன்தான் அதை முகத்தில் வாங்குவான்.

சித்தி கைக்குட்டையை எடுத்து அவர் முகத்துச் சேற்றைத் துடைக்க ஆரம்பித்தார். கண் எங்கே இருக்கிறது என்று முதலில் தேட வேண்டியிருந்தது.