முன்னால் போன தடம்

மாலை நாலு மணிக்கே இருட்டிவிட்டது. பெரிய ஏரிக்கு வடக்கே, பொறி வைக்கப் போகிறவனைத் தவிர யாரும் கால் வைக்காத காட்டுப் பாதை... அதில் ஒரே ஒரு ஆள். ஒனேசீம். நம் மொய்ஸுக்குத் தாய்மாமன். சிரிக்காதே மொய்ஸ், உன் மாமன் கதைதான். அடுப்பில் ஒரு கட்டையைப் போட்டுவிட்டு உட்கார்.

அன்று காலையில்தான் கடைசித் தங்கை எலோடியின் புருஷன் தெலெஸ்போரைக் குடிசையில் தனியே விட்டுவிட்டுக் கிளம்பியிருந்தார். விறகு பிளக்கையில் கோடரி நழுவி அவன் காலில் எலும்புவரை இறங்கிவிட்டது. காயம் அழுகி, குடிசை முழுக்க ஒரே நாற்றம். காய்ந்த இறைச்சி தீர்ந்து, தோலுரித்த மரநாயைக்கூட வேகவைத்துத் தின்றாகிவிட்டது. நாய்களும் சறுக்குவண்டியும் எலோடி இருந்த முகாமில் இருந்தன. அவை வந்தால்தான் தெலெஸ்போர் பிழைப்பான்.

“என்ன விட்டுட்டுப் போயிருவியா மச்சான்?” என்று கேட்டான் தெலெஸ்போர்.

“உன்ன விட்டுட்டு எலோடி மூஞ்சில எப்பிடிடா முழிப்பேன்? நாளைக்கு நாய்ங்களோட வந்து நிப்பேன்.”

“நீ நடக்குற நடைக்கு ஈஸ்டருக்குத்தான் வந்து சேருவ.” சிரித்தான். அப்புறம் கையைப் பிடித்துக்கொண்டான். “தனியா சாகப் பயமா இருக்கு மச்சான்.”

கையை உதறிக்கொண்டுதான் ஒனேசீம் வெளியே வந்தார்.

இடுப்பளவு பனி. இரண்டு பேர் போனால் ஒருவன் மிதித்துப் பாதை போடுவான், மற்றவன் பின்னால் வருவான். ஒற்றை ஆள் என்ன செய்வார்? விழுந்தார். எழுந்தார். மறுபடி விழுந்தார். காற்று வேறு பனியை வாரி முகத்தில் அடித்தது. நாய்கள் வரைக்கும் போக முடியாது என்று தெரிந்ததும் உட்கார்ந்து அழுதுவிட்டார்.

அப்போதுதான் பார்த்தார்... முன்னால் ஒரு தடம்.

புதுத் தடம். பனியில் புதையாமலிருக்கக் காலில் கட்டுவார்களே, அந்த அகலப் பனிச்செருப்பு; இடது செருப்பின் பின்னல் அறுந்து, மான் தோல் வாரால் முடிச்சுப் போட்டிருந்தது. அந்த முடிச்சுகூடப் பனியில் பதிந்திருந்தது. தெலெஸ்போரின் செருப்பு.

“டேய்! அந்தக் காலோட எங்கடா கிளம்பின?”

அவன் எப்படித் தன்னைத் தாண்டிப் போனான் என்று யோசிக்கக்கூட ஒனேசீமுக்குத் தெம்பில்லை. மிதித்த பாதை கிடைத்தால் போதும் என்று பின்னாலேயே நடந்தார்.

கொஞ்ச தூரத்தில் தடம் ஓரமாக விலகியது. இரண்டு செருப்பும் சேர்ந்து நின்ற அடையாளம். அதற்கப்புறம்... ஒன்றுமே இல்லை. வெறும் பனி.

முன்னால் போகிறவன் களைத்தால் அப்படித்தான் ஒதுங்கி நிற்பான். இனி உன் முறை என்று அர்த்தம்.

ஒனேசீம் முன்னால் போனார். வேறு என்ன செய்வது? பின்னால்... கிரீச். கிரீச். இவர் நின்றால் அதுவும் நின்றது. அந்த அழுகல் நாற்றமும் கூடவே வந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

கடைசியில் ஒரு குடிசை. முகாம் வந்துவிட்டது! “எலோடி!” என்று கத்திக்கொண்டே கதவைத் தள்ளி உள்ளே விழுந்தார். தீக்குச்சியைக் கிழித்தார்.

காலையில் விட்டுவந்த அதே குடிசை. கட்டிலில் தெலெஸ்போர். கண் திறந்தபடி இருந்தது. கன்னத்தைத் தொட்டார்... விறைத்துக் கட்டையாகக் கிடந்தான். குச்சி அணைந்தது.

வெளியே கிரீச்... கிரீச். வாசல்வரை வந்தது. செருப்பில் ஒட்டிய பனியை உதற நிலைப்படியில் தட்டுகிற சத்தம். தட்... தட்.

ஒனேசீம் கதவைச் சாத்தி, முதுகைக் கொடுத்து உட்கார்ந்துவிட்டார். விடிய விடிய அசையவில்லை.

தேடி வந்தவர்கள் அவரை அப்படியேதான் கண்டார்கள். கட்டில் காலி. தெலெஸ்போர் வெளியே, காலில் பனிச்செருப்போடு, கதவில் சாய்ந்து உறைந்திருந்தான். விரல் நகங்களில் கதவின் மரச்சிராய்.

எலோடி அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாளாம்.

“அண்ணே... அவரு வெளியேருந்து ‘மச்சான்’னு கூப்பிட்டாரா?”

மற்றதையெல்லாம் வாய் வலிக்கச் சொன்ன ஒனேசீம், சாகும்வரை அதற்கு மட்டும் பதில் சொல்லவில்லை.