கேசட் நின்ற இடம்

சிலிபினிலிருந்து ஈப்போவுக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். மூத்தவர் சொன்ன ஒரு வாக்கியத்தில் நான் கைப்பேசியைக் கீழே வைத்தேன்.

“முடிவு இல்லாத ரெக்கார்டிங்தான் நல்ல ரெக்கார்டிங்.”

“வெளையாடாதீங்கலா அண்ணி. அண்ணன் தவறி வருசம் ஆவுது. பூசை முடிஞ்சு வீட்டுல அவருக்குப் புடிச்ச அந்த ரஷ்யாக்காரர் சிம்பொனியப் போடப் போறோம். ஜெர்மன்காரங்க வாசிச்சதப் போடுவோம். வயலின் எல்லாம் அவ்ளோ சுத்தம்.”

“அவங்க அவசரப்படுறாங்க, தெரேசா. லண்டன்காரங்க மெதுவா போறாங்க. உங்கண்ணன் கேட்டது அதத்தான்.”

“மெதுவா போனதாலதானே, ரேடியோவுலேர்ந்து பதிஞ்சப்போ கேசட் பத்தாம கடைசிப் பகுதி போச்சு? அதுதான் முழுசுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தாரு பாவம்.”

“கோலாலம்பூர்ல கச்சேரிக்குப் போனோமே, கேசட் நிக்கிற எடம் வந்ததும் எழுந்து நின்னு கை தட்டுனாரு, ஒத்த ஆளா. வாசிக்கிறவங்க நிறுத்தவே இல்ல. மண்டபமே திரும்பிப் பாத்துச்சு. எனக்கு மாலுவா போச்சு, வெக்கம் தாங்காம சட்டையப் புடிச்சு இழுத்து உக்கார வச்சேன்.”

இளையவர் சிரித்தார். மூத்தவர் சிரிக்கவில்லை.

“முழுசா கேட்டுட்டு என்ன சொன்னாரு?”

“‘மிச்சமும் நல்லாத்தான் இருக்கு’ன்னாரு. வீட்டுக்கு வந்து மறுபடியும் கேசட்டைத்தான் போட்டாரு.”

பஸ் ஒரு நிறுத்தத்தில் ஆளேற்றிக்கொண்டு நகர்ந்தது.

“சரி, கேசட்டையே போடுவோம். பாதியில நின்னா வந்தவங்க முழிப்பாங்களே அண்ணி?”

“முழிக்கட்டும். அந்த எடம் வந்ததும் நான் எழுந்து நின்னு தட்டுறேன். நீ என் சேலையப் புடிச்சு இழுக்காத.”