பதினோரு சீட்டு

— பந்தைத் தூக்கிட்டு இந்தச் சட்டை மாத்தற ரூமுக்கு ஏண்டா வந்தே? வெளிய படம் எடுக்கறவன் காத்திருக்கான். புதுக் கேப்டன் நடுவுல உக்காரணுமாமே, போய் உக்காரு.

— நீ இல்லாம டீம் படமா, ரூஃபஸ்? எல்லாரும் குளிர்ல நடுங்கிட்டு நிக்கறாங்க. சட்டையை மாட்டிட்டு வா.

— நடுங்கட்டும். உன்னைக் கேப்டனாக்கினவங்கதானே, ஹார்லன்.

— சத்தியமா நான் யாரையும் கேக்கலடா.

— பந்தை இப்படிக் காட்டு. "1911. பதினேழுக்கு ஆறு." நல்லாத்தான் பெயிண்ட் அடிச்சிருக்காங்க. அந்தப் பதினேழுல என்னோடது எத்தனை?

— பன்னெண்டு. யாரு இல்லேன்னா?

— சுண்டுவிரல் ஒடிஞ்ச கையோட.

— எனக்குத் தெரியாதா? துணி சுத்திவிட்டவனே நான்தானே.

— மூணு வருஷம்டா! ஃபுட்பால், கூடைப்பந்து, பேஸ்பால், ஓட்டப்பந்தயம். நாலுக்கும் கௌரவமா சட்டை மார்ல காலேஜ் எழுத்தைத் தச்சுக் குடுத்தாங்க. போன மே மாசம் பேஸ்பால் ஆட்டத்துல நம்ம ஆளுங்க மட்டை பிடிக்கற நேரம் பாத்து, அதே சட்டையோட வேலி தாண்டி ஓடி, பக்கத்துல ஓட்டப்பந்தயத்துல ஜெயிச்சுட்டு, மூச்சு வாங்க வாங்க வந்து மறுபடி பந்து தடுக்க நின்னேன். அன்னிக்கு எவனாவது என் நிறத்தைப் பாத்தானா?

— இப்ப எதுக்கு நிறத்தை இழுக்கறே?

— நானா இழுக்கறேன்? நேத்து மத்தியானம் விருந்துல, கேப்டன் யாருன்னு சீட்டு எழுதறதுக்கு முன்னாடி, கோச் எந்திரிச்சு என்ன சொன்னாரு?

— அடுத்த வருஷம் மிசௌரிக்குப் போய் ஆடறோம்னாரு.

— முழுசாச் சொல்லு!

— கேப்டன்தான் மைதானத்து நடுவுல போய் அவங்க கேப்டனோட கை குலுக்கணும், யோசிச்சு எழுதுங்கன்னாரு.

— அந்த மிசௌரிக்காரன் கறுப்பன் கையைத் தொடமாட்டான். அதானே? இந்தக் கை பந்தைத் தூக்கிட்டு ஓடலாம், ஒடியலாம், கை குலுக்க மட்டும் ஆகாது. த்தூ! ஆடப் போன ஊர்ல, டேவன்போர்ட் ஓட்டல்ல, நீங்கல்லாம் விரிப்புப் போட்ட மேஜையில சாப்பிட்டீங்க. நான் சமையல்கட்டுல உருளைக்கிழங்கு மூட்டை மேல உக்காந்து தின்னேன். அன்னிக்கும் நான் ஒரு குறை சொல்லல.

— நான் என் தட்டைத் தூக்கிட்டு உன் பக்கத்துல வந்து உக்காந்தேனேடா! அதை மறந்துட்டியா?

— மறக்கல. அதனாலதான் உன்னைப் பாத்தா வயிறு எரியுது. மத்த ஒம்போது பேரை எப்பவோ தலைமுழுகிட்டேன்.

— நியாயமாப் பேசு. நம்மையும் சேத்துப் பதினோரு பேரு எழுதினோம். எனக்குப் பத்து விழுந்துது, உனக்கு ஒண்ணு. அந்த ஒண்ணை எழுதினது யாருன்னு நினைச்சே?

— நீயே சொல்லு.

— நான்தான்! தன் பேரைத் தானே எழுதறவனை இந்தக் காலேஜ்ல எவனும் மனுஷனா மதிக்கமாட்டான். நான் போய் என் பேரை எழுதுவேனா? உன் பேரைத்தான் எழுதினேன், சத்தியமா.

— நீயா?

— இந்தக் கையால.

— இன்னொரு தடவை சொல்லு, ஹார்லன். நல்லா யோசிச்சுச் சொல்லு.

— எங்கம்மா மேல ஆணையாடா! அந்த ஒரு சீட்டு என்னோடது. இப்பவாவது கோவத்தை விட்டுட்டு வா. தோள்ல கை போட்டுட்டு நிப்போம்.

— கோச் பேசி உக்காந்ததும் எல்லார் மூஞ்சியையும் பாத்தேன், உன் மூஞ்சியையும். ஒருத்தன்கூட எழுதப்போறதில்லைன்னு புரிஞ்சுபோச்சு. மானத்தை விட்டு என் பேரை நானே எழுதினேன்டா. அந்த ஒரு சீட்டு என்னோடது.